ஷேல் பாறைக்குள் எண்ணெய் ஏரி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஷேல் என்னும் இறுகிய சேற்றுப் பாறையிலிருந்து எடுக்கப்படும் எரிவாயு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அது நிலத்தடியில் ஏரிபோல் தேங்கிக் கிடப்பதான எண்ணத்தைத் தருவதால் இதை எழுதுகிறேன்.

பழங்காலக் கடல்களிலும் ஏரிகளிலும் மடிந்த நுண்பாசிகளும் மிதவை உயிரிகளும் மெல்லிய சேற்றோடு சேர்ந்து அடியில் படிந்தன. அங்கே ஆக்சிஜன் குன்றியிருந்ததால் அவை முற்றிலும் மட்கிப்போகாமல் ஒரு பகுதி எஞ்சியது. மேலே படிவுகள் குவியக் குவியச் சேறு இறுகி ஷேல் பாறையாகவும், அதிலிருந்த கரிமப்பொருள் கெரோஜன் என்னும் திடப்பொருளாகவும் மாறின. புதையும் ஆழம் கூடி, வெப்பம் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கெரோஜன் சிதைந்து எண்ணெயைத் தரத் தொடங்குகிறது. சுமார் 150 டிகிரிக்கு மேல் எண்ணெயே உடைந்து வாயுவாகிவிடும்.

உருவானதில் ஒரு பங்கு மேல்நோக்கி நகர்ந்து மணற்பாறை போன்ற நுண்துளைப் பாறைகளில் சிக்குகிறது. நெடுங்காலமாக எடுக்கப்பட்டு வந்தது அதுதான். மீதி பிறந்த பாறையிலேயே, நானோமீட்டர் அளவேயான துளைகளிலும் இயற்கை விரிசல்களிலும் அடைபட்டுக் கிடக்கிறது. வாயுவில் ஒரு பகுதி கரிமப்பொருளின் மேற்பரப்பில் ஒட்டியும் இருக்கிறது. துளைகளுக்கிடையே போதிய தொடர்பு இல்லாததால்தான் கிடைமட்டமாகத் துளையிட்டு, நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்க வேண்டியிருக்கிறது.

'ஷேல் எண்ணெய்', 'எண்ணெய் ஷேல்' இரண்டையும் கட்டுரை ஒன்றாகவே பாவித்திருப்பது (பலரும் செய்யும் பிழைதான்) திருத்தப்பட வேண்டியது. முன்னது, மேலே சொன்னபடி பிறந்த பாறையிலேயே அடைபட்டுக் கிடக்கும் எண்ணெய். பின்னது, போதிய வெப்பம் பெறாமல் கெரோஜன் நிலையிலேயே நின்றுவிட்ட பாறை. அதைச் சூடாக்கினால்தான் எண்ணெய் வரும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்