குடியிருப்போர் நலச் சங்கம், வேளச்சேரி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் கோலப் போட்டி, கொசு மருந்து எல்லாம் வழக்கம்போல் நடந்தன. பொதுக்குழு, போதிய உறுப்பினர்கள் வராமல் இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்றாவது முறை சமோசா உண்டு என்று வாட்ஸ்அப்பில் போட்ட பிறகு கூடியது.

"காலேஜ் பிள்ளைகளை எதற்குத் தெருவுக்குள் விட்டீர்கள்" என்று கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 1969-ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) சேர்ந்த மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். இப்போது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வேறு, சமூக ஈடுபாட்டுக்கென்றே 2 கிரெடிட் பாடம் வைக்கச் சொல்லியிருக்கிறது, வகுப்பிலும் களத்திலுமாக. முதல் தடவை வந்தவர்கள் பேனர் பிடித்து, காலையிலேயே பெருக்கியிருந்த தெருவை மறுபடி பெருக்கி, போட்டோ எடுத்து, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். அவர்களுடைய பேராசிரியரிடம் நேராகவே சொன்னேன்: வேலை என்ன என்று நாங்கள் சொல்கிறோம், மணிக்கணக்கை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டார்.

நாங்கள் சொன்ன வேலை, வீடு வீடாக மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் திறந்து பார்ப்பது. 2003-ல் அரசு கட்டாயமாக்கியபோது கட்டியது, அப்புறம் யாரும் மூடியைத் திறக்கவில்லை. பிள்ளைகள் கடப்பாரை போட்டு நெம்பித் திறந்தார்கள். என் வீட்டுத் தொட்டியில் (ஆமாம், செயலாளர் வீட்டில்தான்) கூழாங்கல்லுக்கு மேல் இரண்டு சாண் சேறு, அதில் புதைந்த ஒரு டென்னிஸ் பந்து. மாடிக் குழாயோ தொட்டிக்கு வராமல் நேரே தெருவுக்குப் போகிறது. திருப்பிவிட்டது யார் என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது. எந்த வீட்டில் என்ன நிலை என்று ஒரு பி.காம். மாணவி நோட்டில் வரைந்து தந்த தெருப்படம் சங்க அறையில் இருக்கிறது. வந்து பார்த்தவர்கள் இரண்டு பேர். சில வீடுகளில் கேட்டையே திறக்கவில்லை, மிக்ஜாம் புயல் வெள்ள சமயத்தில் படகு எப்போது வரும் என்று எனக்கு மணிக்கொரு முறை போன் போட்டவர்களும் அதில் உண்டு. தொட்டி இருந்தால் வெள்ளம் வராது என்று நான் சொல்லவில்லை, கோடையில் லாரித் தண்ணீர் ஒன்றிரண்டு குறையும் என்றுதான் சொல்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி பாதிக்கு மேல். பிள்ளைகளுக்கு வாங்கிய இட்லி, டீ என் கைக்காசு. திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். தலைவர், பொருளாளர், வாட்ச்மேன் அனைவருக்கும் நன்றி.

ஜூலையில் பிள்ளைகள் மறுபடி வருவார்கள். சேறு அள்ள அவர்கள் தயார், தொட்டியில் போட ஜல்லியும் மணலும் சந்தாவிலிருந்துதான் வர வேண்டும். எனக்கும் முட்டி வலி, அடுத்த வருஷம் வேறு யாராவது செயலாளராக வந்தால் நல்லதுதான், வராவிட்டால் பார்க்கலாம். சந்தா கட்ட மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம், சங்க அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.