பிலடெல்பியாவின் நான்கு மணி விருந்து

அன்பு நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் சென்ற வாரமே கிடைத்தது. இடக்கண்ணில் கண்புரை அறுவை முடிந்து, இனிப் படிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்று நான் முதலில் படித்தது அதைத்தான். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரான பிறகு மாலைப் பொழுதெல்லாம் கூட்டத்திலும், கூட்டம் கலைந்தபின் யார் வீட்டிலாவது கேசரியும் காப்பியுமாகவும் கழிகிறது என்றும், மூன்று மணி நேரம் பேசியும் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பற்றி முடிவெடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு அடுத்தபடியாக நான் கையிலெடுத்தது ஜான் ஆடம்ஸின் 1774ஆம் ஆண்டு நாட்குறிப்பையும், அவர் தம் மனைவி அபிகேலுக்கு எழுதிய கடிதங்களையும். தங்கள் புலம்பலில் பாதி அங்கே அப்படியே இருக்கக் கண்டேன்.

பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரான அவர், அந்த ஆண்டில் 38 வயது வழக்கறிஞர். பாஸ்டனுக்குத் தெற்கே பிரெயின்ட்ரீ என்ற ஊரில் ஒரு பண்ணையும் நான்கு பிள்ளைகளும் உடையவர். அந்த வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தைத் தாண்டி அதுவரை போகாதவர். முந்தைய டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக (நம் சென்னைக் கோட்டையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குதான் அது) பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அத்துறைமுகத்தையே மூடிவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று கூடிப் பேசுவதற்காக, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களில் ஜார்ஜியா நீங்கலாகப் பன்னிரண்டு பிலடெல்பியாவுக்கு ஆளனுப்பின. அந்தக் கூட்டத்துக்குத்தான் காங்கிரஸ் என்று பெயர். பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸிலிருந்து சென்ற நால்வரில் ஆடம்ஸ் ஒருவர். இன்னொருவர் அவருடைய உறவினர் சாமுவேல் ஆடம்ஸ். அரசியலில் பெரும்புள்ளியாயினும் கையில் காசில்லாதவர் என்பதால், வெளியூரில் மானம் போகக்கூடாதென்று நண்பர்களே புத்தாடை, பொய்முடி, காலணி வரை வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

புறப்படுவதற்கு முன்பே அரசியல் ஜான் ஆடம்ஸின் தேநீர்க் கோப்பைக்குள் புகுந்துவிட்டது. வழக்கு வேலையாக 35 மைல் குதிரையில் சென்று ஒரு விடுதியில் இறங்கிய ஆடம்ஸ், வரி கட்டாமல் நாணயமாகக் கடத்திவந்த தேயிலையாக இருந்தால் களைத்து வந்தவன் ஒரு கோப்பை அருந்தலாமா என்று விடுதிக்கார அம்மாளைக் கேட்டாராம். இந்த ஊரில் தேநீரையே விட்டுவிட்டோம், வேண்டுமானால் காப்பி போட்டுத் தருகிறேன் என்றாராம் அந்த அம்மாள். அன்று முதல் பிற்பகல்தோறும் காப்பிதான் என்றும், அதை நன்றாகவே பொறுத்துக்கொண்டதாகவும் அபிகேலுக்கு எழுதுகிறார். காப்பி குடிப்பதை ஒரு தியாகமாகச் சொல்லும் மனிதரை நம் பக்கத்தில் எங்கே தேடுவது?

ஆகஸ்ட் 10ஆம் தேதி பாஸ்டனை விட்டவர்கள் 29ஆம் தேதிதான் பிலடெல்பியாவை அடைந்தார்கள். வழியில் நியூயார்க்கில் சில நாள் தங்கல். அங்கே வெள்ளிப் பாத்திரங்களில் பரிமாறிய காலைச் சிற்றுண்டியை வியந்தவருக்கு அவ்வூர்க்காரர்களின் பேச்சு மட்டும் பிடிக்கவில்லை. எல்லாரும் உரக்க, விரைவாக, ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நம்மிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நாம் பதிலாக மூன்று சொல் சொல்வதற்குள் மறுபடி தாங்களே பேசத் தொடங்கிவிடுகிறார்கள் என்கிறார். பிலடெல்பியாவுக்குள் நுழைந்தபோது உடம்பெல்லாம் தூசியும் களைப்புமாக இருந்தும், எதிர்கொண்டழைத்தவர்களின் வற்புறுத்தலைத் தட்ட முடியாமல் நேரே சிட்டி டாவர்ன் என்ற உணவு விடுதிக்குப் போய், இரவு பதினொரு மணி வரை விருந்தில் இருந்தார்கள். அப்போது தொடங்கிய விருந்து இரண்டு மாதம் ஓயவில்லை.

அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதைச் செப்டம்பர் மாதக் கடைசியில் எழுதிய ஒரு கடிதம் சொல்கிறது. காலை ஒன்பது மணிக்குத் தச்சர் சங்கத்தின் மண்டபத்தில் காங்கிரஸ் கூடும். பிற்பகல் மூன்று வரை அரசியல் நுட்பங்களில் கடும் வாதம். நான்கு மணிக்குப் பென்சில்வேனியாவின் செல்வர் ஒருவர் வீட்டில் விருந்து. ஆறு, ஏழு மணி வரை மதீராவும் பிரெஞ்சு மதுவகைகளும். அதன்பின் அலுவலாலும் ஆட்களோடு பழகுவதாலும் கவலையாலும் செத்துப்போகும் அளவுக்குக் களைத்து அறைக்குத் திரும்புதல். செப்டம்பர் 8ஆம் தேதி பவல் என்பவர் வீட்டில் உண்டதை எழுதும்போது 'மறுபடியும் ஒரு பாவம் நிறைந்த விருந்து' என்றே தொடங்குகிறார். இருபது வகை டார்ட்டுகளையும் ஜெல்லிகளையும் பாலேட்டுப் பண்டங்களையும் ஒன்று விடாமல் பட்டியலிடவும் செய்கிறார். எவரையும் 'நீ' என்று ஒருமையிலேயே அழைத்து, உடையிலும் பேச்சிலும் எளிமை பேணிவந்த குவேக்கர் என்ற கிறித்தவ நெறியினர் ஒருவர் வீட்டிலாவது எளிய சாப்பாடு கிடைக்கும் என்று எண்ணியிருப்பார் போலும். அங்கேயும் வாத்து, பன்றி, கோழி, மாடு என்று மேசை நிறைந்திருந்தது. தலைமை நீதிபதி சியூ வீட்டில் ஆமைக்கறி. மதீராவை ஏராளமாகக் குடித்தும் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்று அன்றைய குறிப்பில் காண்கிறது. பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறித்தவ மரபில் வளர்ந்தவரின் மனச்சாட்சியும் நாக்கும் ஒரே பக்கத்தில் சண்டையிடுவதைப் படிக்கத் தனிச் சுவை இருக்கிறது.

இதையெல்லாம் பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்ற கணக்கில் சேர்த்துவிடத்தான் எனக்கும் முதலில் தோன்றியது. மேலும் படித்தபோது மனம் மாறியது. பாஸ்டன்காரர்கள் முன்கோபிகள், விடுதலை என்ற பெயரில் எல்லாரையும் போருக்கு இழுப்பவர்கள் என்ற ஐயம் மற்ற குடியேற்றத்தாரிடம் இருந்தது. ஆகவே மண்டபத்தில் அவர்கள் அடக்கி வாசித்தார்கள். தம்மிடம் சட்டம் பயின்ற வில்லியம் டியூடருக்கு எழுதிய கடிதத்தில், நாங்கள் கண்ணில் படாமல் ஒதுங்கியிருந்து, நாடி பிடித்துப் பார்த்து, ஆழம் அளந்து, எங்கள் கருத்தை ஒரு சமயம் ஒரு மாகாணத்தார் வாயாலும் இன்னொரு சமயம் வேறொரு மாகாணத்தார் வாயாலும் சொல்லவைக்க வேண்டியிருந்தது என்று ஆடம்ஸ் வெளிப்படையாகவே சொல்கிறார். நாடி பிடிக்கும் வேலை வாக்கெடுப்பில் நடக்காது. நான்கு மணி விருந்தில்தான் நடக்கும். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள் அங்கேதான் யாரை எவ்வளவு நம்பலாம் என்று கணித்தார்கள். டெலவேரின் சீசர் ராட்னியை, உலகிலேயே விசித்திரத் தோற்றமுடையவர், நாணல்போல் ஒல்லி, முகம் பெரிய ஆப்பிளைவிடப் பெரிதில்லை, ஆனால் அந்த முகத்தில் அறிவும் கனலும் நகைச்சுவையும் உண்டு என்று குறித்துவைத்தார். அந்தக் கணிப்பு பலித்தது: 1776 ஜூலையில் விடுதலைக்கு வாக்களிப்பதற்காக இடியிலும் மழையிலும் இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர் இதே ராட்னிதான். தென் கரோலினாவின் எட்வர்ட் ரட்லெஜைச் சிட்டுக்குருவி, மயில் என்றெல்லாம் ஏசியிருப்பதில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 17ஆம் தேதி, பிரிட்டிஷாரின் தண்டனைச் சட்டங்களுக்குக் கீழ்ப்படிய மறுத்து பாஸ்டனைச் சூழ்ந்த சஃபோக் வட்டாரத்தார் நிறைவேற்றிய தீர்மானங்களைக் காங்கிரஸ் ஆதரித்தபோது, தம் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாட்களில் ஒன்று அது என்று எழுதினார். மூன்றே வாரத்தில் சலிப்பு வந்துவிட்டது. இங்கே ஒவ்வொருவரும் பெரிய மனிதர், பேச்சாளர், விமர்சகர்; மூன்றும் இரண்டும் ஐந்து என்று யாராவது தீர்மானம் கொண்டுவந்தால், தருக்கம், சட்டம், வரலாறு, கணிதம் என்று இரண்டு முழு நாள் பேசிவிட்டு அதன்பின் ஒருமனதாக நிறைவேற்றுவோம் என்று அக்டோபர் 9ஆம் தேதி அபிகேலிடம் குறைப்பட்டுக்கொள்கிறார். தங்கள் தண்ணீர்த் தொட்டிக்கும் இதே விதிதான் போலிருக்கிறது.

அந்த அபிகேலைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. கணவர் டார்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த அதே செப்டம்பரில், பண்ணையையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவர், இந்த மாகாணத்தில் ஓர் அடிமைகூட இல்லாதிருக்க வேண்டும் என்று விரும்புவதாகவும், நம்மைப்போலவே விடுதலைக்கு உரிமையுள்ளவர்களிடமிருந்து நாள்தோறும் எதைப் பறிக்கிறோமோ அதற்காகவே நாம் போராடுவது தமக்கு எப்போதும் கொடிய அநீதியாகப்பட்டது என்றும் எழுதினார். ஆடம்ஸ் அடிமை வைத்திருந்தவரல்லர். ஆனால் அவரோடு அந்த மண்டபத்தில் அமர்ந்து உரிமை பேசிய பலர் வைத்திருந்தார்கள். இரண்டு மாத நாட்குறிப்பையும் படித்து முடித்த எனக்கு அதிகம் நினைவில் நிற்பது அபிகேலின் அந்த ஒரு வாக்கியம்தான்.

பிரிட்டிஷ் சரக்கை டிசம்பர் 1 முதல் வாங்குவதில்லை என்ற உடன்படிக்கையை அக்டோபர் 20ஆம் தேதி ஏற்றுக்கொண்டு, ஆறு நாளில் காங்கிரஸ் கலைந்தது. 28ஆம் தேதி கொட்டும் மழையில் ஊரைவிட்டுக் கிளம்பிய ஆடம்ஸ், அதன் அமைதியையும் விருந்தோம்பலையும் மனமாரப் புகழ்ந்துவிட்டு, உலகின் இந்தப் பகுதியை நான் மறுபடி பார்ப்பேன் என்று தோன்றவில்லை என்று எழுதி வைத்தார். அடுத்த மே மாதமே திரும்பி வந்துவிட்டார். அதற்குள் பாஸ்டனுக்கு அருகே லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்து, பிரிட்டிஷாரோடு போர் தொடங்கியிருந்தது.

எனக்கு வலக்கண் அறுவையைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்குள் 1775ஆம் ஆண்டையும் படித்துவிட எண்ணம். அடுத்த கூட்டம் யார் வீட்டுக் காப்பியில் முடிந்தது என்பதைத் தவறாமல் எழுதுங்கள்.

தங்கள் அன்பு நண்பன்