தலைமையாசிரியர் கடிதம்: அரையாண்டுப் பணிகளும் பள்ளி மேலாண்மைக் குழுத் தகவல்களும்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். இந்தப் பருவத்துக்குரிய பாடங்கள் குறித்த காலத்தில் முடிந்துவிட்டன. கலைத் திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் சின்னப் பிள்ளைகளிடம் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. காலை உணவும் மதிய உணவும் தடையில்லாமல் நடக்கின்றன. உழைத்த ஆசிரியர்கள், சமையல் பணியாளர்கள், தூய்மைப் பணியாளர் எல்லோருக்கும் பாராட்டுகள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் விடைத்தாள்கள் வீட்டுக்கு வரும். பார்த்து, கையெழுத்திட்டு, திருப்பி அனுப்புங்கள்.

அடுத்ததைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை நடந்தது. அன்று மாலையே ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் தெருத் தெருவாகப் போனது. "பள்ளிக்கூடத் தொட்டித் தண்ணி சரியில்லையாம், மீட்டிங்லயே பேசினாங்களாம்." திங்கட்கிழமை பல பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. வந்தவர்களில் சிலர் குழாய்ப் பக்கம் போகவே பயந்து, மதியச் சாப்பாடு வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைய தீர்மானப் பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்: மேல்நிலைத் தொட்டியை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும், அடுத்து கழுவும் நாள் வரும் சனிக்கிழமை, செலவு பள்ளி மானியத்திலிருந்து. தண்ணீர் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. "கழுவ வேண்டும்" என்பது நாலு கைபேசி தாண்டுவதற்குள் "கெட்டுப்போச்சு" ஆகிவிட்டது.

தொட்டி எப்படிக் கழுவப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்திருந்தால் இப்படிப் பயம் வராது. முதலில் தண்ணீரை முழுக்க வெளியேற்றுகிறோம். சுவர்களையும் அடித்தளத்தையும் தேய்த்து, மூலைகளில் படிந்த வண்டலை அள்ளுகிறோம். இரண்டு முறை அலசி, அந்தத் தண்ணீரைக் கழிவுக் குழாய் வழியாகத் திறந்துவிட்ட பிறகே நிரப்புகிறோம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுகிறோம். அரை மணி நேரம் கழித்து, தொட்டியிலிருந்து தூரத்தில் இருக்கும் கடைசிக் குழாயில் குளோரின் அளவு பார்க்கிறோம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அங்கே மிஞ்சியிருக்க வேண்டும். பக்கத்துக் குழாயில் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பயனில்லை. குழாய்க்குள் அழுக்கு இருந்தால் அது போகிற வழியிலேயே குளோரினைத் தின்றுவிடும்.

அந்தக் குரல் பதிவை அனுப்பியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் பேசியிருக்கிறார். பள்ளியின் தவறும் இதில் உண்டு. வெள்ளிக்கிழமை எடுத்த தீர்மானம் தகவல் பலகைக்கு வர நான்கு நாள் ஆனது. கூட்டத்தில் என்ன முடிவானது என்று ஊர் அன்று மாலையே கேட்கும். பள்ளி பதில் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லத்தான் செய்வார்கள். ஜனவரி முதல் கூட்டம் முடிந்த அன்றே, பள்ளி வாசல் பூட்டுவதற்கு முன், தீர்மானங்களின் நகல் தகவல் பலகையில் இருக்கும். பெற்றோர் செயலியிலும் பதிவாகும். இது என் பொறுப்பு.

குழு உறுப்பினர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும். பள்ளி நடப்பதைக் கவனிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது இவையெல்லாம் அவர்கள் வேலை. பிள்ளைகளின் உரிமைகளையும், பள்ளிக்கும் பெற்றோருக்கும் உள்ளாட்சிக்கும் உள்ள கடமைகளையும் ஊர் மக்களுக்கு எளிய முறையில் எடுத்துச் சொல்வதும் குழுவின் பணி என்று சட்டத்தின் மாதிரி விதிகள் சொல்கின்றன. கூட்டக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்பதும் அதே விதிகளில் உண்டு. ஆகவே உறுப்பினர்கள் பேச வேண்டும். எப்படிப் பேசினால் செய்தி சிதையாமல் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி.

ஒரு தீர்மானத்தை வெளியே சொல்லும்போது ஐந்து விஷயங்கள் சேர்ந்தே போக வேண்டும்: என்ன முடிவு, எதற்காக, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், பணம் எங்கிருந்து. இதில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த இடத்தைக் கேட்பவர் தானே ஊகித்து நிரப்பிக்கொள்வார். தொட்டி விஷயத்தில் விட்டுப்போனது "எதற்காக" என்பது. அது மாதா மாதம் செய்யும் பராமரிப்பு என்ற ஒரு வரி இருந்திருந்தால் பிள்ளைகள் தாகத்தோடு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அந்தச் செய்தி இப்படிப் போயிருக்கலாம்: "பள்ளி மேலாண்மைக் குழு, வெள்ளிக்கிழமைக் கூட்டம், தீர்மானம் 3. குடிநீர்த் தொட்டியை வழக்கமான பராமரிப்பாக மாதம் ஒருமுறை கழுவ முடிவானது. வரும் சனிக்கிழமை காலை கழுவப்படும். பொறுப்பு: தலைமையாசிரியரும் குழுவில் இருவரும். செலவு: பள்ளி மானியத்தின் தூய்மைப் பங்கு. இப்போதுள்ள தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கலாம். சனிக்கிழமை யாரும் வந்து பார்க்கலாம்." வாசித்து முடிக்க அரை நிமிடம் கூட ஆகாது. கடைசி இரண்டு வரிகளுக்குத்தான் மதிப்பு அதிகம். செய்தியைக் கேட்டதும் ஒரு தாய்க்கு என்ன சந்தேகம் வரும் என்று யோசித்து, அதற்கான பதிலை அதிலேயே வைத்துவிட வேண்டும்.

பணம் எங்கிருந்து என்பதையும் விடாதீர்கள். மாணவர் எண்ணிக்கை 101 முதல் 250 வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்பது சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் கணக்கு. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவாக வேண்டும். இது தெரிந்தால் "தொட்டி கழுவ வீட்டுக்கு எவ்வளவு வசூல்?" என்ற பேச்சே எழாது.

குரல் பதிவைக் கூடுமானவரை தவிர்க்கலாம். தேதி தெரியாது, திரும்பத் தேட முடியாது, முதல் பத்து நொடி கேட்டுவிட்டு மற்றவருக்கு அனுப்பிவிடுகிறோம். பேசியவர் குரலில் இருந்த பதற்றம் செய்தியை விடப் பெரிதாகக் கேட்கும். தீர்மானத்தைத் திரும்பத் தட்டச்சு செய்வதை விட, தேதியும் கையெழுத்தும் தெரியும்படி பலகையில் உள்ள நகலைப் படம் எடுத்து அனுப்புவது நல்லது. ஒரு செய்தியில் ஒரு விஷயம் போதும். எழுத்து வாசிக்க முடியாதவர்களுக்குக் குரல் பதிவு வேண்டியிருந்தால், முதலில் தேதியைச் சொல்லி, பிறகு நகலில் இருப்பதை அப்படியே வாசியுங்கள். தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் வீட்டில் பல நேரம் ஸ்மார்ட்போனே இருக்காது. ஆகவே உறுப்பினர்கள் தெருக்களைப் பிரித்துக்கொண்டு, அந்த வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ரேஷன் கடை வரிசையிலும் நூறு நாள் வேலை இடத்திலும் சொன்னாலும் சரிதான்.

வாட்ஸ்அப்பில் இப்போதுள்ள ஒரே குழுவை ஜனவரியில் இரண்டாகப் பிரிக்கிறோம். அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும் பதிவிட முடியும். பள்ளி அறிவிப்பும் தீர்மானங்களும் மட்டும் அதில் வரும். கேள்விகளுக்குத் தனிக் குழு. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தேர்வு அட்டவணை காணாமல் போவது இத்துடன் நிற்கட்டும்.

மழை விடுமுறைச் செய்தியில் தனிக் கவனம் வேண்டும். விடுமுறையை மாவட்ட ஆட்சியர்தான் அறிவிக்கிறார். போன வருடத்துச் செய்தி ஒவ்வொரு மழைக்கும் புதிதுபோல் சுற்றி வருகிறது. தேதி, மாவட்டம், பள்ளிகளுக்கு மட்டுமா கல்லூரிகளுக்குமா என்ற மூன்றையும் பார்த்த பிறகே அனுப்புங்கள். அறிவிப்புக் குழுவில் வராத வரை பள்ளி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து பள்ளிக்கு வரும் செய்திகளுக்கும் ஓர் ஒழுங்கு தேவை. வழியில் நிறுத்தி ஒருவர் குறை சொன்னால், உறுப்பினர் "நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம், "அதெல்லாம் நடக்காது" என்று முடித்துவிடவும் வேண்டாம். குறிப்பேட்டில் தேதி, என்ன குறை, எந்த வகுப்பு என்று எழுதி மறுநாள் அலுவலகத்தில் கொடுங்கள். மூன்று வேலை நாளுக்குள் பதில் வரும். பள்ளியால் தீர்க்க முடியாததென்றால் எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்றாவது சொல்வோம். அந்தப் பதிலை, குறை சொன்னவரிடம் அதே உறுப்பினரே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குறையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகாததால்தான் குழுவின் மேல் நம்பிக்கை குறைகிறது. எங்களிடம் சொல்லத் தயங்கினால் கல்வி உதவி எண் 14417 இருக்கிறது. பிள்ளைகளே எழுதிப் போட "மாணவர் மனசு" பெட்டி இருக்கிறது.

இரண்டு விஷயங்களில் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தக் குழந்தையின் பெயரும் படமும் புகாரோடு சேர்ந்து எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரக் கூடாது. இரு பிள்ளைகள் சண்டை போட்டார்கள், ஒருவன் அழுதான் என்ற காணொளியை அழித்துவிட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். பத்து ஃபோனில் அது இருக்கும், ஒன்பதாம் வகுப்பு வரை அவனைத் துரத்தும். பாலியல் தொல்லை பற்றிச் சிறு சந்தேகம் வந்தாலும் அதைக் குழுக் கூட்டத்தில் கூடப் பேசக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ உடனே சொல்ல வேண்டும். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும், அந்தக் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள். இதில் உறுப்பினர், பெற்றோர், ஆசிரியர் என்ற வேறுபாடு இல்லை.

அடுத்தது பணம். பள்ளியின் பெயரால் யார் கையிலும் ரொக்கம் கொடுக்காதீர்கள், யாரும் வாங்காதீர்கள். நன்கொடை தர விரும்புகிறவர்கள் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்தி ரசீது பெறட்டும், அல்லது "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" தளம் வழியாகத் தரட்டும். "சீட்டு வாங்கித் தர்றேன்" என்று யாராவது கேட்டால் ஒரு ரூபாயும் தர வேண்டாம். சேர்க்கைக்குப் பணம் வாங்குவது சட்டவிரோதம். நம் பள்ளியில் சேர யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

கண்டிப்பாக எழுதியதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இடைநின்ற பிள்ளைகளின் வீட்டுக்கு மூன்று முறை, நான்கு முறை நடந்து, அவர்களை மறுபடி வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைத்தவர்கள் நம் உறுப்பினர் அம்மாக்கள்தான். அந்த வேலை ஆசிரியர்களால் ஆகியிருக்காது. அவர்களுக்குப் பள்ளியின் மனமார்ந்த நன்றி. தொட்டி பற்றிக் கேள்விப்பட்டதும் வேறு யாருக்கும் அனுப்பாமல் நேரே பள்ளிக்கு வந்து கேட்ட பெற்றோருக்கும் நன்றி.

ஜனவரி 26 கிராம சபையில் நம் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைக் குழுத் தலைவர் வாசிப்பார். அதன் நகல் பள்ளி திறக்கும் நாளிலிருந்து தகவல் பலகையில் இருக்கும். முன்கூட்டியே படித்து, கேள்விகளோடு வாருங்கள். ஜனவரி மாதத் தொட்டி கழுவல் இரண்டாம் சனிக்கிழமை காலை 9 மணிக்கு. பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். கடைசிக் குழாயில் குளோரின் அளவை உங்கள் முன்னாலேயே பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
உறுப்பினர் - ஒருங்கிணைப்பாளர், பள்ளி மேலாண்மைக் குழு