வெள்ளியங்கிரி ஏறுவோர் கையில் என்ன தின்பண்டம் இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி முதல் மே இறுதி வரை வெள்ளியங்கிரி மலைப்பாதை திறந்திருக்கும் நான்கு மாதங்களிலும், பூண்டி அடிவாரத்தில் கூடும் கூட்டத்தைப் பற்றியும் மலையில் மயங்கி விழுந்தவர்களைப் பற்றியும் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. மூங்கில் தடி, டார்ச் விளக்கு, கம்பளி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொள்ளும் நம்மவர்கள், வழியில் எதைத் தின்பது என்பதை மட்டும் கடைசி நேரத்தில் அடிவாரக் கடையில் கண்ணில் படும் பாக்கெட்டுகளிடம் விட்டுவிடுகிறார்கள். இருபத்திரண்டு முறை அந்த ஏழு மலைகளையும் ஏறி இறங்கியவன், பள்ளியில் உடற்கல்வி கற்பித்தவன் என்ற முறையில் இது குறித்து எழுத விரும்புகிறேன்.

முதல் முறை ஏறியபோது, வெறும் வயிற்றோடு போவதுதான் பக்தி என்று நினைத்திருந்தேன். இரவு பத்து மணிக்குக் கிளம்பி, விடியற்காலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஏழாவது மலையின் செங்குத்தான ஏற்றத்தில் கால் வைத்தபோது கை நடுங்கிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் வந்த பெரியவர் ஒருவர் துணி முடிச்சை அவிழ்த்து, அவலும் பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும் கலந்ததில் ஒரு கைப்பிடி கொடுத்து, உட்கார்ந்து மென்று தின்னச் சொன்னார். கால் மணி நேரத்தில் என்னால் எழுந்து நடக்க முடிந்தது. "பசிக்கறதுக்கு முன்னாலயே ஒரு வாய் போட்டுக்கோணுங் கண்ணு" என்று அவர் சொன்னதைத்தான் பின்னாளில் என் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

அவர் சொன்னதற்கு உடலியல் காரணம் உண்டு. நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதி தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் இது எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 500 கிராம்தான்; அதில் இரத்தத்தின் சர்க்கரை அளவைக் காக்கும் கல்லீரலின் பங்கு 100 கிராம் அளவே. மாலை ஆறு மணிக்கு எதையோ கொறித்துவிட்டு இரவு முழுவதும் ஏறுபவருக்கு இந்தக் கையிருப்பு வேகமாகக் கரைகிறது. பசி உறைக்கும் வரை காத்திருந்தால் கால்கள் முன்பே தளர்ந்துவிடும். மணிக்கணக்கில் நீளும் உழைப்பில் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதுமானது என்பது விளையாட்டு உணவியலில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. சிறிய மலைவாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 20 கிராமும், நான்கு பேரீச்சம்பழங்களில் ஏறக்குறைய 25 கிராமும் கிடைக்கும். ஆகவே அரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பழம் அல்லது ஒரு கைப்பிடி அவல் என்பது கணக்குக்குச் சரியாக வரும்.

எந்த இடத்தில் எதைத் தின்பது என்பதிலும் கவனம் வேண்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றபின் மலையேறுவோர் பலரின் பையிலும் இடம்பிடித்திருக்கிறது. 30 கிராம் துண்டு ஒன்றில் 150 கலோரி அளவுக்கு ஆற்றல் இருப்பதால் சுமைக்கேற்ற பயன் தருவது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நிலக்கடலையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய். அது இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். முதல் மலையின் படிகளில் மூச்சு வாங்கி, நாக்கு வறண்டு ஏறும்போது அதைத் தின்றால் வயிறு கனத்து, சிலருக்குக் குமட்டலும் வருகிறது. அங்கே வாழைப்பழமும் பேரீச்சையும் போதும். கடலை மிட்டாயையும் எள்ளுருண்டையையும் பாதை சற்றே சமமாகும் நான்காவது, ஐந்தாவது மலைகளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. குளிரில் வெல்லப்பாகு இறுகிப் பல்லை வதைக்கும் என்பதால் வீட்டிலேயே சிறு துண்டுகளாக உடைத்து எடுத்து வரலாம். சிப்ஸ், முறுக்கு போன்றவை தாகத்தைக் கூட்டுவதைத் தவிர ஏற்றத்தில் பெரிதாக உதவுவதில்லை.

இனிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், உப்பை மறந்துவிடுகிறோம். வியர்வையில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் வெளியேறுகிறது. இது கிட்டத்தட்ட அரைத் தேக்கரண்டி உப்புக்குச் சமம். பாம்பாட்டி சுனையிலும் கைதட்டி சுனையிலும் வயிறு முட்டத் தண்ணீர் மட்டுமே குடித்துக்கொண்டு போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துத் தலைவலியும் தள்ளாட்டமும் வரக்கூடும். காய்ந்த உப்பு நார்த்தங்காயில் இரண்டு துண்டு நாக்கின் அடியில் அடக்கிக்கொண்டு நடப்பது என் பல வருட வழக்கம், உப்புக்கடலையும் நல்லதே. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைப்பவர்கள் உறையில் குறிப்பிட்ட அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். இளைஞர்கள் விரும்பி வாங்கும் எனர்ஜி டிரிங்க்கை இவற்றோடு சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் இருக்கும் காஃபின் களைப்பை உணரவிடாமல் செய்து, ஓய்வெடுக்க வேண்டிய இடத்திலும் ஒருவரை மேலே நடக்க வைத்துவிடுகிறது.

அண்மைக் காலமாக எனர்ஜி பார் என்ற பெயரில் விற்கப்படும் கட்டிகளையும் பலர் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலானவற்றில் பேரீச்சை, ஓட்ஸ், கடலை, சர்க்கரைப் பாகு ஆகியவையே இருக்கின்றன. உணவாக அவற்றில் குறை சொல்வதற்கு இல்லை. என் கவலை அவற்றின் பளபளக்கும் உறையைப் பற்றியது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்ட அந்த உறை மக்குவதில்லை. இனிப்பின் வாசனையும் அதில் தங்கிவிடுகிறது. வெள்ளியங்கிரி யானைகள் நடமாடும் போளுவாம்பட்டி வனப்பகுதியில் இருப்பது. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த கர்ப்பிணி யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவுகள் கிடந்ததைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வனத்துறையினர் அடிவாரத்தில் பைகளைச் சோதித்து, பாக்கெட்டுகளைப் பிரித்துத் தாளில் கொட்டித் தருவதைச் சிலர் தொல்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். அப்படிக் கொட்டிய பிஸ்கட்டுகள் பனியில் நமுத்துத் தூளாகிவிடுவதும் உண்மையே. அவலையும் பழத்தையும் வீட்டிலிருந்து துணிப்பையில் கொண்டு வந்தால் இந்தச் சிக்கலே எழாது.

விரதம் இருப்பவர்கள் பழத்தையும் வெல்லத்தையும் விலக்க வேண்டியதில்லை என்பது பொதுவான வழக்கம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் ஏறலாமா என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதானால் குளுக்கோஸைப் பையில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். இதய நோய் உள்ளவர்களுக்கு எந்தத் தின்பண்டமும் காப்பு ஆகாது. அவர்கள் ஏற வேண்டாம் என்ற வனத்துறையின் அறிவுரையை மதிக்க வேண்டும்.

கோயில் நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். சுற்றுவட்டார மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கொண்டு அவல் கலவை, உடைத்த கடலை மிட்டாய், உப்பு நார்த்தங்காய் ஆகியவற்றை மந்தார இலையிலோ காகிதத்திலோ பொட்டலம் கட்டி, மலையேறும் இடத்தருகே நியாயமான விலைக்கு விற்க ஏற்பாடு செய்ய வேண்டும். மகா சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி நாள்களில் அன்னதானம் செய்யும் அன்பர்களும் சோற்றோடு இந்தப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பேரூர், கோயம்புத்தூர்.