பத்துப் பேருக்குப் பொங்கல் என்றால் எத்தனை கிலோ?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் அட்மின் வேலை பார்க்கிறேன். ஏசி ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் காலை டிபன் வாங்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மொத்தம் 45 பேர். இதுவரை முருகேஷ்பாளையாவில் மெஸ் நடத்தும் ஒரு தமிழ் அக்காவிடம் சொல்லிவிடுவேன், ஆட்டோவில் பாத்திரத்தோடு வந்து இறங்கும். புது மேனேஜர் வந்ததும் அது போதாது என்றாயிற்று. ஊரெல்லாம் கிளை இருக்கிற பெரிய ஓட்டலில் வாங்குங்கள், முறையான பில் வரும் என்றார். (டிபனுக்குக் கட்டும் ஜிஎஸ்டியை எங்களைப் போன்ற கம்பெனி பொதுவாகத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளவே முடியாது, ஆனால் அதை மேனேஜரிடம் யார் சொல்வது!)

சரி என்று அந்த ஓட்டலின் ஆப்பில் கேட்டரிங் பக்கத்தைத் திறந்தேன். 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும், முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டும், அதெல்லாம் நியாயம்தான். இட்லி 90, வடை 45 என்று எண்ணிக்கையாகப் போட முடிந்தது. பொங்கலுக்கு மட்டும் எண்ணிக்கையும் இல்லை, எடையும் இல்லை, '10 பேருக்கு' என்று ஒரே ஒரு பெட்டி. நான் 5 பெட்டி போட்டேன், 45 பேருக்கு 50 பேர் சாப்பாடு, கூடவே இருக்கட்டுமே என்று.

குறையை மட்டும் சொன்னால் பாவம், அதனால் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்கு என்றால் எட்டு அடிக்கும்போது வண்டி வாசலில் நின்றது, இந்த ஊர் ரிங் ரோட்டில் அது சாமானியமில்லை. இட்லி பஞ்சு மாதிரி. 90 கேட்டேன், 90 இருந்தது. சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருந்ததைக் குறையாகச் சொல்ல மாட்டேன், பெங்களூரில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு அதற்கெல்லாம் சண்டை போட முடியாது. ஆனால் பொங்கல் முப்பதாவது ஆளோடு தீர்ந்துவிட்டது. ஆபீஸில் கடைசியாகத் தட்டு எடுப்பது யார் என்று உங்களுக்கே தெரியும், ஹவுஸ்கீப்பிங் பெண்களும் வாசல் செக்யூரிட்டியும்தான். காலை ஆறரைக்கே வேலைக்கு வந்தவர்கள். "நாங்க வீட்டுலயே சாப்பிட்டுட்டோம் சார்" என்றார்கள், நானும் நம்பியது போல நின்றேன்.

எங்கள் ஆட்கள் அள்ளிக் கொட்டிக்கொண்டார்களோ என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. அதனால் அடுத்த மாதம் அதே ஓட்டல், அதே ஆர்டர், இந்தத் தடவை பொங்கல் பெட்டி ஒன்றைப் பிரிப்பதற்கு முன்னால் ரிசப்ஷனில் கூரியர் எடை போடும் தராசில் தூக்கி வைத்தேன். மூடியோடு 1 கிலோ 150 கிராம். பெட்டியின் எடையைக் கழித்தால் ஆளுக்கு 110 கிராம் வருகிறது. அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகிற வழியில் அந்த ஓட்டலின் கிளை ஒன்றில் ஏறி மெனுவைப் பார்த்தேன். ஒரு பிளேட் பொங்கல் 250 கிராம், பக்கத்தில் கலோரிக் கணக்கோடு! அவர்களாக ஆசைப்பட்டுப் போட்டதில்லை. 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் ஓட்டல்கள் ஒரு பரிமாறலின் அளவையும் அதற்கான கலோரியையும் மெனுவில் காட்ட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி, 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆக, உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு ஆளுக்கு எத்தனை கிராம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதே ஆள் ஆபீஸ் பேன்ட்ரியில் நின்றுகொண்டு சாப்பிட்டால் வயிறு பாதியாகச் சுருங்கிவிடும் போலிருக்கிறது.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். "மற்ற ஐட்டங்களோடு சேர்த்துச் சாப்பிடும்போது 10 பேருக்குப் போதும் சார்" என்று பதில் வந்தது. மற்ற ஐட்டங்கள் என்றால் எவை, எத்தனை என்று கேட்டேன். அதற்கு ஒரு கூப்பன் அனுப்பினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போடலாமா என்று யோசித்தேன், ஆனால் என்னவென்று புகார் சொல்வது? பத்துப் பேர் என்று எழுதினார்களே தவிர எந்தப் பத்துப் பேர் என்று எழுதவில்லையே.

கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினாலும் நிகர எடை அச்சிட்டிருக்கிறது. அதைக் கட்டாயமாக்குவது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். ஓட்டல்கள் கட்டித் தரும் உணவுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், கவுன்டரில் ஒருவர் பார்சல் கேட்டால் அதற்கு லேபிள் ஒட்டிக்கொண்டு நிற்க முடியுமா? ஆனால் ஒரு நாள் முன்னாலேயே சொல்லி, முழுப் பணமும் கட்டி, ஒரே அளவு பெட்டியில் தினமும் போகிற கேட்டரிங் பொங்கலை அந்த பார்சலோடு சேர்க்கக் கூடாது. பெட்டியின் மேல் ஒட்ட வேண்டாம், ஆப்பில் '10 பேருக்கு' என்பதற்குப் பக்கத்தில் கிலோவைப் போடட்டும், சாம்பாருக்கும் காபிக்கும் லிட்டரைப் போடட்டும். அப்புறம் எத்தனை பெட்டி வாங்குவது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். விலையைக் கூட்டினாலும் கூட்டட்டும், எதற்குக் கூட்டினார்கள் என்றாவது தெரியும்.

மெஸ் அக்காவிடம் போனில் 45 பேருக்குப் பொங்கல் என்று சொன்னால் அடுத்த மூச்சில் கேட்பார், "இட்லியும் உண்டா? அப்ப அரிசி ஒண்ணரை, பருப்பு முக்கால் போட்டா போதும்." எல்லாமே கிலோதான். வெந்து வரும்போது பத்துப் பத்தரைக் கிலோ நிற்கும், பேப்பரில் எழுதித் தராவிட்டாலும் அந்தக் கணக்கு அவர் வாயில் இருக்கிறது. எத்தனையோ ஆபீஸ்களில் என்னைப் போல ஆர்டர் போடுகிறவர்கள் உங்கள் வாசகர்களாக இருப்பார்கள். அவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் எத்தனை கிலோ என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், பத்து ஆபீஸ் கேட்டால் ஓட்டல்காரர்களே எழுதிவிடுவார்கள்.

மேனேஜரிடம் தராசுக் கணக்கைக் காட்டிப் பேசியாயிற்று, இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு அக்காவிடமே சொல்லிவிட்டேன். சாம்பார் எத்தனை லிட்டர் வரும் என்று கேட்டதற்கு "நாலு தூக்கு" என்றார். அந்தத் தூக்கையும் ஒரு தடவை அளந்து பார்த்துவிடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஆபீஸ் டிபனுக்குப் பொறுப்பான ஒரு வாசகன்,
மாரத்தஹள்ளி, பெங்களூரு