சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை: எமது ஊரின் உளநலப் பணி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, ஊரவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், உளநலத்தை எமது நிலையத்தின் முதன்மைப் பணியாக எடுத்துக்கொள்வதென ஏகமனதாகத் தீர்மானித்தோம். வாசிகசாலையும் முன்பள்ளியும் விளையாட்டுப் பிரிவும் வழமைபோல இயங்கின. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். எனவே இவ்வறிக்கை அந்த ஒரு தீர்மானத்தைப் பற்றியதாகவே அமைகின்றது.

எமது முதல் முயற்சி பயன் தரவில்லை என்பதை ஒளிக்காமல் பதிவு செய்கின்றேன். வெளியிலிருந்து வளவாளர் ஒருவரை அழைத்து, மன அழுத்தம் பற்றிக் கருத்தரங்கு வைத்தோம். கதிரைகள் நிறைந்திருந்தன, ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்து, பின்கட்டில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா என்னிடம் வந்து, “தம்பி, எனக்கு மனசில ஒண்டுமில்லை. நெஞ்சுக்கதான் என்னவோ அடைக்குது. கண்ணை மூடினா பிள்ளை கூப்பிடுற மாதிரிக் கிடக்கு” என்றார். ஏற்கெனவே ஒரு வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்து, ஒரு வருத்தமும் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். அவருடைய சம்மதத்துடனேயே இதனை இங்கு குறிப்பிடுகின்றேன்.

மனத் துயரை நெஞ்சடைப்பாகவும் தலையிடியாகவும் கைகால் உளைவாகவும் சொல்வதே எமது வழக்கம் என்பதை அன்று விளங்கிக்கொண்டோம். அதன் பிறகு ‘மன அழுத்தம் இருக்கின்றதா’ என்று எவரிடமும் கேட்பதை விட்டுவிட்டு, வீடுகளுக்குப் போகும் எமது உறுப்பினர்கள் ‘நித்திரை வருகுதா, சாப்பாடு இறங்குதா, கோயிலடிக்கு வந்து கனநாளாச்சே’ என்று மட்டுமே விசாரிக்க வேண்டுமென நிர்வாக சபை முடிவெடுத்தது. இரண்டு கிழமைக்கு மேலாக மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமின்றி, நித்திரையும் பசியும் குலைந்திருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்பதால், அத்தகையோரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல முயன்றோம்.

ஞாயிறு பின்னேரங்களில் வாசிகசாலைத் திண்ணையில் பெண்கள் கூடிப் பனையோலை பின்னுவது இவ்வாண்டு தொடங்கிய பழக்கம். பெட்டிகளும் நீத்துப்பெட்டிகளும் சந்தைக்குப் போகின்றன. எனக்குப் பெரிதாகத் தெரிவது, ஓலையை வார்ந்துகொண்டு தலை குனிந்திருக்கும் வேளையில் வெளிவரும் கதைகளே. எதிரே இருந்து கண்ணைப் பார்த்துக் கேட்டால் சொல்லாதவர்கள், கை வேலையில் இருக்கும்போது சொல்கிறார்கள். நுண்கடன் தவணைக்காக வீட்டுக்கு வந்து நிற்பவர்களைப் பற்றியும், கசிப்பைக் குடித்துவிட்டு வரும் மகனைப் பற்றியும் அங்கேதான் முதலில் கேள்விப்பட்டோம்.

வைகாசி மாதத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலும் அந்த மாதத்திலேயே. போர் முடிந்த 2009 மே 18இன் நினைவும் அந்த மாதத்திலேயே. நேர்த்திக்கடனுக்குப் போகும் கால்களும் அழுகைக்குப் போகும் கால்களும் ஒன்றாகவே இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்குத் திதி கொடுப்பதா, இன்னும் காத்திருப்பதா என்பது விடை கிடைக்காத கேள்வி. அவர்களிடம் “மறந்துவிடுங்கள்” என்று எவரும் சொல்லக்கூடாதென எமது உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டோம். அந்த மாதம் முழுவதும் அவர்கள் தனித்திருக்காதபடி, முறைவைத்து இரவுகளில் அயலவர் ஒருவர் உடன் தங்கினார்.

வைத்தியசாலை உளநலக் கிளினிக்குக்குப் போவதற்கு இரண்டு தடைகள் இருந்தன. பேருந்துக் கட்டணத்தை நிலையத்தின் நிதியிலிருந்து கொடுத்து ஒன்றைத் தீர்த்தோம். மற்றையது ‘விசர்க் குளிசை’ என்ற சொல். மனநோய் வைத்தியசாலை உள்ள அங்கொடையின் பெயரை ஏச்சாகப் பயன்படுத்திப் பழகிய ஊரில் இச்சொல் ஒருவரை மருந்திலிருந்தே விலக்கிவிடும். மனச்சோர்வுக்கான குளிசைகள் பலன் காட்டச் சில கிழமைகள் செல்லும் என்பதையும், சுகமானதும் தாமாகவே நிறுத்தக்கூடாது என்பதையும் எடுத்துச்சொல்ல, கூடப்போகும் துணையாளர்களுக்குப் பயிற்சி அளித்தோம். பார்வை பார்ப்பதையும் நூல் கட்டுவதையும் நாம் தடுக்கவில்லை. ஒருவருக்கு அதில் ஆறுதல் இருந்தால் அதுவும் நடக்கட்டும், கிளினிக் கொப்பியும் கைவசம் இருக்கட்டும் என்றே சொன்னோம்.

கமக்காரர் அமைப்புடன் சேர்ந்து செய்த பணியைச் சபையினர் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகின்றேன். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். மிகக் கொடிய நச்சுள்ள விவசாய மருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டதன் பின்னர் அது பெருமளவு குறைந்தது. கொடிய நஞ்சு கைக்கெட்டாமல் கொந்தளிப்பான சில மணிநேரம் கடந்துவிட்டால் பலர் உயிர் தப்புவர் என்பதே இதன் பொருள் என நாம் விளங்கிக்கொண்டு, வயல் மருந்துகளை வீட்டுக்குள் வைக்காமல், பொதுக் களஞ்சியத்தில் பூட்டி வைக்கும்படி வேண்டினோம். சிலர் இணங்கினர், சிலர் இன்னும் தயங்குகின்றனர். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம் என்பதை வாசிகசாலைக் கதவிலும் கடைத்தெருவிலும் எழுதி ஒட்டியுள்ளோம்.

இளைஞர்கள் பக்கம் நாம் போதியளவு போகவில்லை. கரப்பந்தாட்டத்துக்கு வருபவர்களோடு பேசினோமே தவிர, வராமல் வீட்டுக்குள் கைபேசியுடன் முடங்கியிருப்பவர்களை எட்டவில்லை. இது என் பொறுப்பில் விடுபட்ட வேலை.

வரும் ஆண்டுக்கு மூன்று வேண்டுகோள்கள்: பேருந்துக் கட்டண நிதியைத் தொடர்தல், பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர் மாதம் ஒருமுறை வந்து தனியே கதைப்பதற்காக, வாசிகசாலையின் பின்அறையைத் திரைச்சீலை போட்டு ஒதுக்குதல், மருந்துக் களஞ்சியத்துக்கு இரண்டாவது பூட்டு வாங்கி, அதன் திறப்பைத் தலைவரிடம் ஒப்படைத்தல். இவற்றைச் சபையின் அனுமதிக்குச் சமர்ப்பிக்கின்றேன்.

செயலாளர்