1122 ஆனி மாசத்துப் பத்திரம்

செங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்திக்குக் காலேஜில் இடம் கிடைத்ததைப் படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், உன் மதினி அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள். ஆனால் அதற்கு அடுத்த பத்தியைப் படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்று தலைமுறையாகப் பீருமேட்டு மலையில் கொழுந்து கிள்ளின குடும்பத்துப் பிள்ளையிடம், "நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள், 1950-க்கு முன்னாடி இங்கே இருந்ததற்கு ஆதாரம் எங்கே" என்று கேட்டுச் சாதிச் சான்றிதழ் மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியே எனக்குப் பொறுக்கவில்லை. உன் தாத்தா மலையேறிய காலத்தில் தமிழ்நாடு என்று ஒரு மாநிலம் கிடையாது, கேரளா என்றும் ஒன்று கிடையாது. அவர் செங்கோட்டைத் தாலுகாவிலிருந்து பீருமேடு தாலுகாவுக்குப் போனார், ரெண்டும் திருவிதாங்கூர். ஒரே மகாராஜா, ஒரே சங்கு முத்திரை, ஒரே சக்கரக் காசு. அந்தக் காலத்தில் நம்ம ஆட்களுக்கு வெளியூர் என்றால் அது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தென்காசிதான், ஏனென்றால் அது பிரிட்டிஷ்காரன் ஊர். தென்காசிச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது எல்லையில் இருந்த சுங்கச் சௌக்கையில் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கும் என்று எங்க பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாள். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்று கடைசி வரைக்கும் அவளுக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை.

நீயும் நானும் பிறந்ததுகூட ஒரே மாநிலத்தில்தான், யோசித்துப் பார். 1949 ஜூலை 1-ஆம் தேதி திருவிதாங்கூரையும் கொச்சியையும் இணைத்தார்கள், அதில் நான் கொல்லம் ஜில்லா, நீ கோட்டயம் ஜில்லா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விடிந்தபோது நான் சென்னை மாநிலம், நீ கேரளா. எங்க வீட்டில் யாரும் ஒரு பெட்டியைக்கூடத் தூக்கவில்லை, உங்க எஸ்டேட் லயத்து வீடுகளிலும் யாரும் பாயைச் சுருட்டவில்லை. செங்கோட்டைத் தாலுகாவிலேயே மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆரியங்காவு கேரளாவோடு நின்றது, இந்தப் பக்கம் இருந்த ஊர்கள் நெல்லை ஜில்லாவுக்கு வந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. தேவிகுளமும் பீருமேடும் வரவில்லை. தேவிகுளத்தில் தமிழர்தான் அதிகம் என்பதை மாநிலச் சீரமைப்பு ஆணையமே மறுக்கவில்லை, ஆனால் தோட்டத் தொழிலாளர்களில் பலர் வந்து போகிறவர்கள், அவர்கள் தலையை எண்ணி எல்லை போட முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்த ரெண்டு ஊரையும் பற்றி 'மேடாவது, குளமாவது' என்று காமராஜர் சொன்னதாக ஆளாளுக்கு ஒரு வசனம் சொல்கிறார்களே, அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. என்னை உறுத்துவது அந்த 'வந்து போகிறவர்கள்' என்கிற வார்த்தைதான். 1955-இல் ஓர் அறிக்கையில் எழுதிய அந்த எண்ணத்துக்கு இன்றைக்கு உன் பேத்தி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சரி, உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்த கையோடு எங்க தாத்தாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். நம்ம ரெண்டு குடும்பமும் ஒரே தெருவில் இருந்தவை, கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. அப்பா கட்டி வைத்திருந்த காகிதக் கட்டின் அடியில் ஒரு பத்திரம் கிடைத்தது. உன் தாத்தா தன் மனையை எங்க தாத்தாவிடம் ஒற்றி வைத்து எழுதிக் கொடுத்தது. சங்கு முத்திரை போட்ட தாள், பழுப்பேறி மடிப்பில் விட்டிருக்கிறது, ஆனால் எழுத்து அழியவில்லை. கொல்லம் ஆண்டு 1122, ஆனி மாசம். எழுத்தெல்லாம் மலையாளம். அப்பா சின்ன வயசில் எனக்கு அந்த எழுத்துச் சொல்லிக் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான்கு எல்லைக்கு நாலு வீட்டுக்காரர் பேர், கீழே ரெண்டு சாட்சி, பத்திரம் எழுதினவர் கையெழுத்து. ஒற்றி வைக்கிறவர் யார் என்று சொல்லும் இடத்தில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. செங்கோட்டைத் தாலுகாவில் இன்ன பகுதியில் பிறந்து, இப்போது பீருமேடு தாலுகாவில் இன்ன எஸ்டேட்டில் வேலை பார்த்துக் குடியிருக்கும் இன்னார் என்று உன் தாத்தா பேர், அவருடைய அப்பா பேர், சாதி எல்லாம் முழுசாக எழுதியிருக்கிறது. கீழே அவருடைய பெருவிரல் ரேகை.

1122 ஆனி என்றால் இங்கிலீஷ் கணக்குக்கு 1947 ஜூன்-ஜூலை. அந்த மாசம் என்ன மாசம் தெரியுமா? இந்தியாவோடு சேர மாட்டோம், திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் ஜூன் 11-ஆம் தேதி அறிவித்திருந்தார். ஜூலை 25-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் அவரை வெட்டினார்கள், உயிர் பிழைத்தார், அதற்கப்புறம் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். அந்த அறிவிப்பு மட்டும் நின்றிருந்தால் தென்காசிக்கும் நமக்கும் நடுவில் பாஸ்போர்ட் கேட்டிருப்பார்கள். ராஜ்ஜியம் அப்படி ஆடிக்கொண்டிருந்தபோது, மலையிலிருந்து இறங்கி வந்து பத்திரம் எழுதி ரேகை வைத்துவிட்டு மறுபடி மலையேறியிருக்கிறார் உங்க தாத்தா. மகளுக்குக் கல்யாணம், அதற்குப் பணம் வேண்டும் என்று காரணமும் எழுதியிருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்திரத்தில் இருக்கிற எஸ்டேட் பேரும் இப்போது கேட்டில் தொங்குகிற பேரும் வேறே. கம்பெனி கை மாறியபோது பேரும் மாறியிருக்கிறது, நம்ம ஆட்கள் அதைக் கூப்பிடுகிற பேர் மூன்றாவது. இது போதாதா அவர்களுக்கு, "அப்படி ஓர் எஸ்டேட்டே இங்கே இல்லையே" என்று சொல்ல? 2000 வாக்கில் தேயிலை விலை விழுந்து பீருமேட்டுப் பக்கம் எஸ்டேட்டுகளைப் பூட்டிவிட்டு முதலாளிகள் போனபோது தொழிலாளர் பேரும் கூலியும் எழுதுகிற செக்ரோல் புத்தகங்கள் என்ன கதி ஆயினவோ. உன் அப்பா பேர் முதலில் ஏறிய செக்ரோல் எங்கேயாவது ஒரு பூட்டிய ஆபீசில் கரையான் அரிக்காமல் இருந்தால், அது இந்தப் பத்திரத்தைவிடப் பலமான சாட்சி. சங்கத்துப் பழைய ஆட்களைக் கேட்டுப் பார்.

இதையெல்லாம் நினைக்கும்போது எனக்கு உங்க ஊருக்கு மேலே இருக்கிற முல்லைப் பெரியாறு அணையின் குத்தகைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அணை பலமா இல்லையா என்கிற பேச்சை விடு, நீ அதற்குக் கீழே படுத்துத் தூங்குகிறவன், உன் பயத்தைப் பற்றி இங்கே உட்கார்ந்துகொண்டு நான் பேசுவது சரியில்லை. நான் சொல்வது காகிதத்தைப் பற்றி. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் சர்க்காருக்கும் ஒப்பந்தம், 8,000 ஏக்கர், 999 வருஷம், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். கையெழுத்துப் போட்ட ரெண்டு சர்க்காரும் போய்விட்டன. மகாராஜா போய், திருவிதாங்கூர்-கொச்சி போய், சென்னை ராஜதானி போய், சென்னை மாநிலம் போய், 1969 பொங்கல் அன்று அது தமிழ்நாடு என்று பேர் மாறி, 1970-இல் வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாகத் திருத்தி, காகிதம் இன்னும் உயிரோடு இருக்கிறது, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் நின்றிருக்கிறது. இத்தனை ஆட்சி மாறியும் அரசாங்கத்தின் ஒப்பந்தம் செத்துப்போகவில்லை. அதே மலையில், அதே திருவிதாங்கூரின் முத்திரையோடு, கூலிக்காரன் குடியிருந்ததற்கு எழுதிய காகிதம் மட்டும் ஏன் செல்லாமல் போகணும்? இதைத்தான் உன் வக்கீல் கேட்கணும், நீயும் கேட்கணும், சத்தமாகவே கேட்கணும்.

பேர் மாற்றுவதை நான் குறை சொல்லவில்லை. க்விலோன் போய்க் கொல்லம் ஆனதிலும் ட்ரிவாண்ட்ரம் போய்த் திருவனந்தபுரம் ஆனதிலும் எனக்குச் சந்தோஷம்தான், மக்கள் வாயில் இருந்த பேர் போர்டுக்கு வந்தது. உங்க சட்டசபை 2023-லும் 2024-லும் கேரளம் என்று மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன், அது அவர்கள் மொழியில் இருக்கிற பேர். எங்க வீட்டிலேயே பாரேன், மகள் பிறப்புச் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம். மகன் பிறந்தது 1986-க்கு அப்புறம், அதனால் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். 1997-இல் சாதிக் கலவரத்துக்குப் பிறகு தலைவர்கள் பேரையெல்லாம் எடுத்தபோது மறுபடி திருநெல்வேலி. பேரன் சான்றிதழில் தென்காசி மாவட்டம், அது 2019 நவம்பரில் வந்தது. மூன்று பேரும் தொட்டிலில் கிடந்தது ஒரே வீடு. எங்களுக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை, ஏனென்றால் எந்த கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் இந்த மூன்றும் ஒன்றுதான் என்று தெரியும். ஒரு மலையைத் தாண்டிவிட்டால் அது தெரிவதில்லை. அதனால் நான் கேட்பது ஒன்றுதான். பேரை மாற்று, எல்லையை மாற்று, ஆனால் பழைய பேர் எது, அந்த இடம் எந்தத் தேதியில் எந்த ராஜ்ஜியத்தில் இருந்தது என்று ஓர் அட்டவணை ஒவ்வொரு தாலுகா ஆபீசிலும் இருக்கணும். இருந்திருந்தால் உன் பேத்தியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

உக்ரைன் சண்டைச் செய்தியில் லிவிவ் என்று ஒரு நகரம் வருமே, அதன் கதையைப் படித்தேன். 1918 வரை ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் லெம்பர்க், அப்புறம் போலந்து, 1939-இல் சோவியத், 1941-இல் ஜெர்மானியர், 1944-இல் மறுபடி சோவியத், 1991-இலிருந்து உக்ரைன். அங்கே கொடி மாறினதோடு முடியவில்லை, யூதர்களைக் கொன்று தீர்த்தார்கள், சண்டை முடிந்ததும் போலந்துக்காரர்களை அங்கிருந்து பெயர்த்து மேற்கே அனுப்பினார்கள். அதையெல்லாம் பார்த்தால் நம்ம எல்லை ரொம்ப அமைதியாகத்தான் மாறியிருக்கிறது. ஆனாலும் ரத்தமே சிந்தவில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் செத்தவர்கள் தமிழ்ப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லித்தான் வீதிக்கு வந்தார்கள். அதே வருஷம் அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணி உங்க தேவிகுளம் பக்கம் வந்து தடையை மீறிக் கைதாகியிருக்கிறார்.

இவ்வளவுக்கும் நடுவில் நம்ம ஊர்க்காரனிடம் யாரும் கேட்டதில்லை. இந்தியாவா பாகிஸ்தானா என்று 1947-இல் சில்ஹெட்டில் ஓட்டுப் போடச் சொல்லிக் கேட்டார்கள், 1948-இல் ஜூனாகத்தில் கேட்டார்கள். மாநிலங்களுக்கு நடுவில் எல்லையை மாற்ற அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவுப்படி பார்லிமெண்டில் சாதாரணப் பெரும்பான்மை போதும், சட்டசபையின் கருத்தைக் கேட்கணும், ஆனால் அதன்படி நடக்கணும் என்று கட்டாயம் இல்லை. பீருமேட்டு லயத்தில் இருந்தவனையும் செங்கோட்டைத் தெருவில் இருந்தவனையும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்கு இப்போதும் யோசனை ஓடுகிறது. எங்க அப்பா இந்தப் பக்கம் வந்ததில் சந்தோஷப்பட்டவர்தான். ஆனால் திருவிதாங்கூர் காலத்துக் கிராம அதிகாரியான பார்வத்தியக்காரரிடம் நேரில் போய் முறையிட முடிந்த மாதிரி புது ஆபீசில் முடியவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நீ செய்ய வேண்டியது. பத்திரத்தின் ஜெராக்ஸ் ரெண்டு இதோடு வைத்திருக்கிறேன், மூலத்தைத் தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது, நேரில் தருகிறேன். இதற்கு நகல் போட்டு முத்திரை வைத்துக் கேட்டால் நல்லது என்று ஓர் ஆபீசுக்குப் போனேன், 1122 என்கிற வருஷத்தைப் பார்த்ததும் அங்கே இருந்த பையன் என்னையே பார்த்தான். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருத்தர் இருக்கிறாராம், அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போவேன். நீ உங்க வக்கீலிடம் மூன்று விஷயத்தைக் கேள். ஒன்று, எந்த மாநிலத்தில் எந்தச் சாதிகள் பட்டியல் சாதி என்று சொல்லி 1950-இல் ஜனாதிபதி ஆணை வந்தபோது செங்கோட்டையும் பீருமேடும் ஒரே மாநிலத்தில் இருந்தன, அப்படியிருக்க இதை வேறு மாநிலத்திலிருந்து குடியேறியதாகக் கணக்கில் எடுக்க முடியுமா. ரெண்டு, 1947-இல் பீருமேட்டில் குடியிருப்பதாக எழுதிய பதிவுப் பத்திரம் சாட்சியமாக நிற்குமா. மூன்று, எஸ்டேட்டின் பேர் மாறியதற்கு எந்த ஆபீசில் கடிதம் வாங்க வேண்டும். அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி செய்வோம். மனுவை மறுபடி போடுவதற்கு முன்னாடி அந்த மறுப்பை எழுத்து மூலமாக வாங்கிக்கொள், வாய் வார்த்தையாகச் சொன்னால் அப்பீலுக்கு வழியில்லை.

இங்கே மற்றபடி எல்லாரும் சௌக்கியம். மதினிக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. சாரல் இந்த வருஷம் தாமதமாக வந்தாலும் நன்றாகப் பிடித்திருக்கிறது, குற்றாலத்தில் கூட்டம் தாங்கவில்லை.

பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒருவரின் மகன் புளியரையில் இருக்கிறார், தொண்ணூறு வயசு இருக்கும், ஞாபகம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். உன் தாத்தா மலைக்குப் போனது அவருக்குத் தெரிந்திருந்தால் நோட்டரி முன்னாடி எழுதி வாங்கிவிடலாம். பேத்தியின் போன் நம்பரையும் அவள் மனு போட்ட தேதியையும் உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்